க்வாமேவுக்கு நான் பெண் கேட்ட வரலாறு

திருச்சுழியிலிருந்து தெற்கே போகும் பஸ் எந்தப் பள்ளத்தில் விழுந்து பயணிகளைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிறதோ, அந்தப் பள்ளத்துக்கு எதிர்வீட்டில் வசிப்பவனும், சில ஆடுகளுக்கும் பல கருவேல மரங்களுக்கும் ஏகபோக அதிபதியும், உனக்கு வாய்த்த ஒரே தாய்மாமனுமாகிய வீரபாண்டி, ஜெர்மனி தேசம் கெம்னிட்ஸ் நகரத்தில் நூலைப் பற்றிப் படித்துவிட்டு வந்து நம் ஊர்ப் பருத்திக்கே புத்தி சொல்லப் போகும் அருமை மருமகள் அருஞ்சுனைக்கு, பள்ளத்தின் சார்பிலும் என் சார்பிலும் எழுதிக்கொள்வது.

இங்கே நான் நலம். உன் அத்தை ஜெகதீஸ்வரி நலம், அவள் குரல் அவளைவிட நலம். உன் அப்பா பூமிநாதன் மச்சான் நலமா என்பதை அவர் வாயால் சொன்னால்தான் தெரியும், அவர் வாய் திறந்து வெகுகாலம் ஆகிறது, ஆனால் சோற்றுக்குத் திறக்கிறார். வெயில் சுமாராக இருக்கிறது. நேற்று கோழி இட்ட முட்டையை எடுத்து உரித்தால் அவித்த முட்டையாக இருந்தது. உப்புத்தான் போடவேண்டியிருந்தது. மழை காரியாபட்டி வரைக்கும் வந்து, இந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, மதுரைக்கே திரும்பிப் போய்விட்டது. உன் நலத்தையும் உன்னோடு அந்த வீட்டில் குடியிருக்கும் இருவர் நலத்தையும் அறிய ஆவல்.

போனில் சொல்ல வேண்டியதை எதற்குக் கடிதமாக எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் திருத்தம் சொல்கிறாள். வாட்ஸப்பில் எழுதினால் உன் அம்மா அதைக் குரூப்பில் தட்டிவிடுகிறாள். ஆகவே இதைச் சேவுப் பொட்டலத்துக்கு அடியில் ஒளித்து அனுப்புகிறேன். உனக்குத் தெரிந்த பாதியையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன், ஏனென்றால் வரலாற்றை நடுவிலிருந்து எழுதினால் நாளைக்கு உன் பேரன் பேத்திகள் என் பங்கைக் குறைத்து மதிப்பிட வாய்ப்பிருக்கிறது.

நீ அந்த ஊருக்குப் போன புதிதில் என் அக்கா, அதாவது உன் அம்மா முருகலட்சுமி, தினமும் சாயங்காலம் வீடியோ காலில் உன்னைப் பார்த்து அழுவாள். பார்க்க வந்த பெண்களும் மரியாதைக்குச் சேர்ந்து அழுவார்கள். அந்த வருஷம் நம் கண்மாய் நிறைந்ததற்கு அதுதான் காரணம் என்று ஊரில் ஒரு கட்சி இன்றைக்கும் சொல்கிறது. அப்படி அழுதுகொண்டிருந்த ஒரு நாளில்தான் உன் முதுகுக்குப் பின்னால், அடுப்படியில், தலை போனுக்குள் அடங்காத உயரத்தில் ஓர் ஆண்பிள்ளை நின்று முட்டை பொரித்தான். இங்கே எல்லார் அழுகையும் ஒரே நேரத்தில் நின்றது. நீயோ மிகவும் சாதாரணமாக, இந்த வீட்டில் ஒரு ரூமில் இருக்கிற பையன்மா, பேரு க்வாமே, கானா நாடு, தங்கமான குணம் என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாய்.

அடி பிள்ளே, நம் ஊரில் வெறும் பையன் என்று ஒருவன் இருக்க முடியுமா? ஒன்று அண்ணன் தம்பி முறை, இல்லையென்றால் மாமன் மச்சான் முறை. இரண்டிலும் சேராத மூன்றாவது ரக ஆண்பிள்ளையைக் கடவுள் வைகைக்குத் தெற்கே படைக்கவில்லை. நீ இருக்கும் ஊரில் குப்பையை நாலு விதமாகப் பிரித்து நாலு தொட்டியில் போடுவார்கள் என்று சொன்னாயே, அதைப் போலத்தான் இங்கே மனிதர்களை. வந்திருந்த பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக் காளீஸ்வரன் சின்னம்மா தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் முடிவதற்குள் உன் அம்மா செய்த காரியத்தை ஒரு நாட்டின் பிரதமர்கூட அத்தனை வேகத்தில் செய்திருக்க முடியாது.

“அவன் உனக்கு அண்ணன்டி. எனக்கு மூத்தது ஆம்பளப் பிள்ள இல்லாத குறை இன்னையோட தீந்துச்சு. குனியச் சொல்லு, மூஞ்சியப் பாக்கணும்” என்றாள்.

அவனும் குனிந்து, நீ காதில் ஓதியபடி, ‘அம்மா’ என்றான். முடிந்தது. அடுத்த வாரம் ஜார்ஜியா தேசத்துப் பெண் நீனோ திரையில் வந்தாள். வேகம் குறையாமல் அவளை உனக்கு அக்கா ஆக்கினாள் உன் அம்மா. ஒற்றைப் பிள்ளை பெற்றவள் ஒரு வாரத்தில் மூன்று பிள்ளைக்காரி ஆனாள். பிரசவச் செலவு கிடையாது.

வாயால் வைத்த முறைதான் என்று முதலில் நானும் சிரித்தேன். ஆனால் அந்த இரண்டு பேரும் அதை நம்மைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். முதல் குளிர்காலத்தில் உனக்குக் காய்ச்சல் கண்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது நீனோ பூண்டுச் சாறு வைத்து, உன் தலைமாட்டிலேயே உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தாள். லிப்டு வேலை செய்யவில்லை என்று க்வாமே உன்னை முதுகில் சுமந்துகொண்டு மாடி இறங்கிப் பனியில் நடந்து டாக்டர் வீட்டுக்குப் போனான். அதற்குப் பிறகுதான் உன் அம்மா அழுவதை நிறுத்தினாள். காலை எழுந்ததும் க்வாமே சாப்பிட்டானா என்று கேட்டுவிட்டுத்தான் நீ சாப்பிட்டாயா என்று கேட்பாள். அவர்கள் ஊர்த் தக்காளிச் சோறு உசத்தியா நம் ஊர்த் தக்காளிச் சோறு உசத்தியா என்று நீங்கள் அடுப்படியில் போட்ட சண்டைக்கு இங்கேயிருந்து உன் அத்தை நடுவர். தின்னாமலேயே தீர்ப்புச் சொன்ன ஒரே நடுவர். ஞாயிற்றுக்கிழமை நீனோ பாலாடைக்கட்டி வைத்து ரொட்டி சுட்டால் அந்த வாசம் நம் தெருவுக்கு வந்ததாக உன் அம்மா சத்தியம் செய்வாள்.

இந்தச் சந்தோஷத்தில்தான், உன் அம்மா கட்டிய புதுவீட்டுக்குப் பால் காய்ச்சியபோது, ஃப்ளெக்ஸ் அடிக்கும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. அருப்புக்கோட்டையில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் சின்னத்துரையிடம் போய், விமானத்தில் போகிறவனும் படிக்கிற அளவில் அடி என்றேன். நடுவில் மாடி வீடு, வீட்டுக்கு மேலே மேகத்தில் மிதந்தபடி நீ, உனக்கு வலப்பக்கம் கோட்டு போட்ட க்வாமே, இடப்பக்கம் நீனோ, கீழே தங்க எழுத்தில் ‘எங்கள் அன்பு மக்கள்’. உறவினர்கள் எல்லாரும் ஓரத்தில் வட்ட வட்டமாக. ஃப்ளெக்ஸ் திருச்சுழி முக்கில் நிமிர்ந்து நின்ற அழகைப் பார்த்து ஒரு பஸ் பத்து நிமிஷம் லேட்டாகக் கிளம்பியது. ஒரே ஒரு குறை. ஃப்ளெக்ஸைக் கட்டிய கம்பு உன் அப்பாவின் உடன்பிறந்த தங்கை ராக்கம்மாள் மதினியின் முகத்தின் மேலேயே வந்துவிட்டது. காது இரண்டும் தெரிந்தன, நடுவில் கம்பு. அது காற்று செய்த வேலை, என் கைக்குச் சம்பந்தமில்லை. ஆனால் மதினி விருந்துக்கு உட்காராமல் எம்.ரெட்டியபட்டிக்கு ஷேர் ஆட்டோ பிடித்துப் போனவர்தான். அன்றிலிருந்து அண்ணன் பெண்டாட்டியாகிய உன் அம்மாவோடு பேச்சுவார்த்தை கிடையாது. ஃப்ளெக்ஸ் கொஞ்ச நாள் வைக்கோல் படப்புக்குப் போர்வையாக இருந்து, பிறகு என் ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் பதவி உயர்வு பெற்றது.

இப்படி உலகம் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான், மருமகளே, நீ போன மாதம் ஒரு போட்டோவைக் குரூப்பில் போட்டாய். க்வாமேவும் நீனோவும் தோளோடு தோள் உரசிச் சிரிக்கிறார்கள், நீனோ விரலில் மோதிரம், கீழே நீ எழுதியிருக்கிறாய், ரெண்டு பேருக்கும் கல்யாணம் முடிவாகிடுச்சு, வாழ்த்துங்க என்று. நீ எவ்வளவு பெரிய படிப்புப் படித்தாலும் உனக்குத் தோன்றாதது என் ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தோன்றியிருக்கும். அதன் தலைக்கு மேலேதானே அந்த மூன்று படமும் ‘எங்கள் அன்பு மக்கள்’ என்று தொங்குகிறது.

ஊர் கொதித்த கொதிப்பில் அன்றைக்கு யார் வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்கத் தேவைப்படவில்லை. காளீஸ்வரன் வேலை வெட்டியை விட்டுவிட்டு என் கொட்டகைக்கு வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, ஜெர்மனியில் அண்ணன் தங்கச்சியே கட்டிக்கிடுறாகளாமே, நாகரிகம் அவ்வளவு தூரம் போயிருச்சா என்று கேட்டான். டீக்கடையில் எனக்கு மட்டும் டீ கொஞ்சம் தூரத்தில் வைக்கப்பட்டது. உன் அம்மா இரண்டு வேளை சாப்பிடவில்லை. மூன்றாவது வேளை சாப்பிட்டுவிட்டு உன்னைக் கூப்பிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்: மாசக் கடைசிக்குள் நீ அந்த வீட்டைக் காலி செய்துவிட்டுப் பெண்கள் ஹாஸ்டலுக்குப் போய்விட வேண்டும், முறை கெட்ட வீட்டில் அவள் பெற்ற பிள்ளை ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது.

பிறகு நீ என்னைக் கூப்பிட்டாய். நீ அழவில்லை. அழுதிருந்தால் நான் சமாளித்திருப்பேன். “மாமா, இந்த ரெண்டு பேரும் இல்லாட்டி முதல் குளிருலேயே பெட்டியக் கட்டிட்டு ஊருக்கு வந்திருப்பேன். இவுகள விட்டுட்டு நான் எங்க போக?” என்றாய். அப்புறம் போனைக் க்வாமேவிடம் கொடுத்தாய். அவன் சொல்லச் சொல்ல நீ தமிழில் சொன்னாய். கல்யாணத்துக்கு நீனோவைப் பெற்றவர்கள் சம்மதித்துவிட்டார்கள், அவன் அம்மாவுக்கும் சம்மதம். ஆனால் அவன் குடும்பத்தில் தாய்மாமன் போய் வாய் திறந்து பெண் கேட்காமல் கல்யாணம் இல்லையாம். அவன் அம்மா கூடப் பிறந்தது எல்லாம் பெண்கள். கடைசி வாக்கியத்தை மட்டும் அவனே தமிழில் சொன்னான்.

“மாமா, எனக்கு நீங்கதான மாமா. நீங்க கேப்பீங்களா?”

மருமகளே, நம் பக்கத்தில் தாய்மாமன் என்றால் யார்? காது குத்தும்போது மடி கொடுப்பவன், சீர்த்தட்டுத் தூக்குபவன், போட்டோவில் பாதித் தோள் மட்டும் விழுபவன். யோசனை கேட்க யாரும் கூப்பிடுவதில்லை. நீ ஜெர்மனி போகிற விஷயமே நீ விமானம் ஏறிய பிறகுதான் எனக்கு வந்து சேர்ந்தது. உன் அத்தையிடம் இரண்டாவது டம்ளர் காப்பி கேட்கும் அதிகாரமே எனக்கு முழுசாக வழங்கப்படவில்லை. அப்படிப்பட்டவனை, கடல் தாண்டி, மலை தாண்டி, ஒரு பிள்ளை கூப்பிட்டு, நீங்கள் கேட்டால்தான் எனக்குக் கல்யாணம் என்கிறான். என் மார்பு அன்றைக்கு விரிந்த விரிவில் இரண்டு சட்டைக்குப் பொத்தான் மாற்ற வேண்டியிருந்தது. கேட்கிறேன் மருமகனே என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து கட்டிலில் படுத்தபிறகுதான் உறைத்தது, அண்ணனுக்குத் தங்கையை யாரிடம் போய்க் கேட்பது?

கட்டிலை ஆட்டுக்கொட்டகைக்குள் போட்டுக்கொண்டு மல்லாந்து கிடந்தேன். மேலே க்வாமே, நீனோ, நீ. ஆடுகள் என்னைச் சுற்றி நின்று அசைபோட்டன, நான் யோசனையை அசைபோட்டேன். அப்போது காற்றில் ஃப்ளெக்ஸ் ஒரு மடிப்பு விலகியது. கம்பு மறைத்திருந்த இடத்தில் ராக்கம்மாள் மதினி என்னை எட்டிப் பார்த்தார். ஆப்பிள் விழுந்ததைப் பார்த்து ஒருவர் எதையோ கண்டுபிடித்தாராமே, அவருக்கு அன்றைக்கு வந்ததைவிட எனக்கு வந்தது பெரிய வெளிச்சம்.

ராக்கம்மாள் மதினிக்கு மூன்று மகன்கள். மூன்றும் லோடு வண்டியைத் தள்ளிவிடும் உடம்பு, மூன்றும் வீட்டில் ஒரு வார்த்தை பேசாது. ஒரு பொட்டப்பிள்ளை இல்லையே என்று அவர் புலம்பாத விசேஷ வீடு இந்தத் தாலுகாவில் கிடையாது. நீனோவை அவருக்கு மகளாகக் கொடுத்துவிட்டால்? அப்போது அவள் உனக்கு அத்தை மகள். க்வாமேவுக்கும் அத்தை மகள். முறைப்பெண்! அண்ணன் தங்கை என்று காறித் துப்பின வாயாலேயே ஊர், கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும் என்று சொல்லியாக வேண்டும்.

யோசனை சுத்தம். நடத்துவதுதான் பாடு. அக்காவுக்கும் மதினிக்கும் பேச்சுவார்த்தை இல்லாததால் நடுவில் நான் மட்டுமே தபால்காரன், தபாலை நானே எழுதிக்கொள்ளும் சௌகரியம் இருந்தது. முதலில் ரெட்டியபட்டிக்குப் போய், நீனோவை உங்களுக்கு மகளா விட்டுத்தர முடியாதுன்னு அக்கா ஒத்தக்கால்ல நிக்குது மதினி என்று பெருமூச்சுவிட்டேன். அக்காவுக்கு அப்போது இந்த விஷயமே தெரியாது.

“அவ என்ன எனக்குத் தாரது? அது எம் பிள்ள. கம்பு மறைக்கலைன்னா அன்னைக்கே ஊருக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றார் மதினி. எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை. பிறகு, “ஆனா ஒண்ணு கொழுந்தனாரே, பொண்ணைப் பெத்தவ நானு. முறையா எவ் வாசல்ல வந்து கேக்கணும். அவளும் வரணும்” என்றார்.

அங்கிருந்து நேராக உன் அம்மாவிடம் வந்து, ராக்கம்மா மதினி நீனோவைத் தன் மகள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறது, கொடுத்துவிட்டுப் போயேன் என்றேன். இதில் பொய் இல்லை, கொஞ்சம் முன்கூட்டிச் சொன்னேன், அவ்வளவுதான். உன் அம்மா முறத்தைக் கீழே போட்டாள்.

“ஏலே, காய்ச்சல்ல கெடந்த பிள்ளைக்குப் பூண்டுச் சாறு வச்சுக் கொடுத்தவடா அவ. அவளத் தூக்கி அடுத்த வீட்டுக்குக் கொடுக்கச் சொல்றியா?”

“கொடுத்தாத்தானக்கா நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வர முடியும்” என்றேன்.

அவள் முறத்தில் மீதியிருந்த குதிரைவாலியில் கல் பொறுக்க ஆரம்பித்தாள். அதில் கல் இருந்ததாகத் தெரியவில்லை. பிறகு, அந்த அரக்குச் சேலைக்கு ஜாக்கெட்டு இறுக்கமா இருக்கு, ஜெகதீஸ்வரிகிட்டச் சொல்லிப் பிரிச்சுத் தைக்கச் சொல்லு என்றாள். அவ்வளவுதான் சம்மதம்.

பூமிநாதன் மச்சானிடமும் முறைப்படி விளக்கினேன். மச்சான், நீங்க மாப்பிள்ளைக்கு அப்பா. ஆனா பொண்ணு உங்க தங்கச்சி மகளுங்கிறதால பொண்ணுக்குத் தாய்மாமனும் நீங்கதான். இந்தக் கையால சீர் கொடுத்து அந்தக் கையால வாங்கிக்கணும் என்றேன். இரண்டு கையையும் பார்த்தார். “சரி” என்றார். இந்த ஆண்டில் அவர் பேசிய முதல் சொல்.

வெள்ளிக்கிழமை கிளம்பினோம். வெற்றிலை பாக்கு, பழம், பூ, தேங்காய் எல்லாம் தட்டில். ஷேர் ஆட்டோவில் உன் அம்மா, அத்தை, மச்சான், நான். என் மடியில் தட்டு, தட்டுக்கு மேலே ஆட்டோக்காரர் வழியில் ஏற்றிய யாரோ ஒருவரின் கோழி. என்ன விசேஷம் என்றார் ஆட்டோக்காரர். மருமகனுக்குப் பொண்ணு கேட்கப் போகிறோம் என்றேன். மாப்பிள்ளை எந்தூர் என்றார். கானா என்றேன். அது காரியாபட்டிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றார். கொஞ்சம் அந்தப் பக்கம் என்றேன். நல்ல சம்பந்தமாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டார்.

ராக்கம்மாள் மதினி வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தார். உன் அம்மாவைப் பார்த்து எழுந்திருக்கவில்லை, ஆனால் தன் சேலையைக் கொஞ்சம் ஒதுக்கிப் பக்கத்து நாற்காலியைக் காலியாக்கினார். உன் அம்மாவும் உட்காரவில்லை, ஆனால் அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். போனைச் சொம்பில் சாய்த்து வைத்தோம். திரையில் உங்கள் அடுப்படி. தரையில் பாய் விரித்து நீ, நீ கட்டிவிட்ட சேலையில் நீனோ, வேட்டி கட்டிய க்வாமே. நாலு முழ வேட்டி அவனுக்கு முழங்காலில் நின்றது. அங்கே போனைப் பிடித்திருந்தவர் யாரோ தெரியவில்லை, மாப்பிள்ளை பெண்ணைக் காட்டாமல் அடிக்கடி உன்னையே காட்டிக்கொண்டிருந்தார். நெட்டு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மதினி மாப்பிள்ளையை விசாரித்தார். எம் பிள்ளைய வெயில்ல அலைய விடமாட்டேல்ல என்றார். க்வாமே, இங்கே வெயில் வந்தால் விடுமுறை விட்டுக் கொண்டாடுவோம் அத்தை என்று நீ சொல்லிக் கொடுத்ததைச் சொன்னான். பிறகு மதினி போனுக்கு அருகே போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“தாயி, உனக்கு மனசார இஷ்டமா? எம் மகளா இருக்கதுக்கும் சேர்த்துத்தான் கேக்குறேன்.”

சம்மதம்னு சொல்லு நீனோ என்று போனுக்குப் பின்னாலிருந்து யாரோ மெல்ல எடுத்துக்கொடுத்தது கேட்டது. ஆனால் அந்தப் பெண் அதைச் சொல்லவில்லை. உன்னிடம் ஏதோ கேட்டு, வார்த்தை வார்த்தையாகக் கோத்துச் சொன்னாள்: “அம்மா, எங்க அண்ணன்கள நான் பாக்கணும்.”

மூன்று தடியன்களும் வீட்டுக்குள் ஒளிந்திருந்தார்கள். மதினி அதட்டியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வரிசையாக வந்து திரைக்கு முன்னால் நின்றார்கள். வாழ்நாளில் எவளும் அண்ணன் என்று கூப்பிட்டிராத பிறவிகள். மூத்தவன் ராஜகுரு, சாப்பிட்டியாம்மா என்று கேட்டான். கேட்டுவிட்டு வேப்பமரத்தின் அந்தப் பக்கம் போய்விட்டான். அவன் அங்கே என்ன செய்தான் என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

அடுத்தது நான். பெண் கேட்பதற்காக ஒரு சொற்பொழிவு தயார் செய்திருந்தேன். சேர சோழ பாண்டியரில் ஆரம்பித்து, கானா தேசத்துத் தங்கம் வழியாக, அருப்புக்கோட்டைத் தறி வரைக்கும் வரும். முழுசாகப் பேசியிருந்தால் அடுத்த வெள்ளிக்கிழமைதான் தாம்பூலம் மாற்றியிருப்பார்கள். தட்டைக் கையில் எடுத்து நின்றேன். திரையில் அந்த உயரமான பிள்ளை, வேட்டியை முழங்காலுக்குக் கீழே இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். சேர சோழ பாண்டியர் மூவரையும் விட்டுவிட்டுத் தட்டை நீட்டினேன். “மதினி, எங்க பையனுக்கு உங்க பொண்ணக் கொடுங்க” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

மதினி தட்டை வாங்கிக்கொண்டார். உன் அம்மா உட்கார்ந்தாள். மகளா இருந்தா, மருமகளா வாரா, எங்க போயிட்டா என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரும் பேசிய பேச்சில், விட்டுப்போன காலத்துக்கெல்லாம் வட்டி போட்டுப் பேசிய பேச்சில், நாட்டுக்கோழிக் குழம்பு தீயும் வாசம் தெருமுக்கு வரை போயும் ஒருத்தருக்கும் தெரியவில்லை. மச்சான்தான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, “தீஞ்சிருச்சு” என்றார். இரண்டாவது சொல்.

ஆக, மருமகளே, நீ அந்த வீட்டிலேயே இருக்கலாம். உன் அம்மாவே அதைச் சொல்லச் சொன்னாள், மாப்பிள்ளை வீட்டுத் தங்கச்சி நாத்தனா வேலையைப் பார்க்காமல் ஹாஸ்டலில் என்ன செய்வாள் என்கிறாள். காளீஸ்வரன்கூட, மொதல்லயே முறைப்பொண்ணுன்னு சொல்லியிருந்தா நான் ஏன் பேசப் போறேன் என்று டீ வாங்கிக் கொடுத்தான். பக்கத்தில் வைத்தே கொடுத்தான். கொட்டகையிலிருந்து பழைய ஃப்ளெக்ஸை இறக்கிவிட்டேன். ஆடுகள் வானத்தைப் பார்த்து ஆச்சரியப்படுகின்றன. கல்யாண விருந்துக்குப் புதுசு சொல்லியாயிற்று. நடுவில் ராக்கம்மாள் மதினி, முகம் மட்டும் ஓர் ஏக்கர்.

இந்தப் பாடுகளிலிருந்து நாம் பெறும் சட்டத்தைக் கட்டம் போட்டு எழுதுகிறேன், அடுப்படிச் சுவரில் ஒட்டிக்கொள். இனி உன் வீட்டுக்குக் குடிவரும் பிள்ளை எந்தத் தேசமாக இருந்தாலும், பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்னால் முறை வைத்துவிட வேண்டும். ஆண்பிள்ளை என்றால் அண்ணன். யோசிக்காதே. அண்ணன் என்று வாய் நிறையக் கூப்பிட்டுவிட்டுப் பிறகு பெயரைக் கேள். மாற்றம் ஏதும் தேவைப்பட்டால் தாய்மாமனுக்கு மனுச் செய்.

சேவு காரமாக இருந்தால் க்வாமேவுக்குக் கொடு, இனிப்புச் சேவு நீனோவுக்கு. மழையில்லாத ஊரின் ஆசீர்வாதம் ஈரமில்லாதது என்று நினைக்காதே. உன் கண்மாய் நிறையட்டும், உன் தறி ஓடட்டும், உன் அடுப்படியில் சண்டை ஓயாதிருக்கட்டும். க்வாமேவைக் குனிந்து நிலைப்படி தாண்டச் சொல். உன் அத்தை, ஆடுகள், எதிர்வீட்டுப் பள்ளம் ஆகியோர் விசாரித்தார்கள்.

இப்படிக்கு,
இரண்டு கண்டங்களுக்குத் தாய்மாமன்,
வீரபாண்டி

பின்குறிப்பு: பொட்டலத்தைக் கட்டிக் கூரியருக்குக் கிளம்பும்போது நீ வீடியோ காலில் வந்தாய். கல்யாணம் முடிந்ததும் க்வாமேவும் நீனோவும் பக்கத்துத் தெருவில் தனி வீடு பார்த்துப் போகிறார்கள், க்வாமே இருந்த ரூமுக்கு ஹரீஷ் வாரான் என்றாய். ஹரீஷ் எந்த நாடு என்றாள் உன் அம்மா. அருப்புக்கோட்டை என்றாய். அப்பா பேர் வெங்கடசாமி, தறி ஓட்டுகிறார்கள், வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், உன் கூடத்தான் படிக்கிறான் என்றாய். கானாக்காரனுக்கு ஒரு செருமல் முடிவதற்குள் முறை வைத்த உன் அம்மா வாயைத் திறந்தாள், மூடினாள். அருப்புக்கோட்டைக்காரனை அண்ணன் என்று சொல்லிவிட்டால் வெங்கடசாமி பஸ் ஏறி வந்து என்ன சம்பந்தம் என்று கேட்பாரே. என்னைப் பார்த்தாள். நான் ஆட்டைப் பார்த்தேன். அதற்குள் நீ, போனில் சார்ஜ் இல்லை என்று வைத்துவிட்டாய். தக்காளிச் சோற்றுச் சண்டையைக் கால் மணி நேரம் சொல்கிறவள், இவனை ஒரு மூச்சில் முடித்துவிட்டாய். அன்றைக்குப் போனைப் பிடித்துக்கொண்டு, பெண்ணையும் மாப்பிள்ளையையும் விட்டுவிட்டு உன்னையே காட்டிய கை யாருடையது? ‘சம்மதம்னு சொல்லு நீனோ’ என்று எடுத்துக்கொடுத்த குரலில் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வாடை அடித்ததை நான் கவனிக்கவில்லை என்றா நினைத்தாய்?

ஆகையால், மருமகளே, மேலே கட்டம் போட்டு எழுதிய சட்டத்தைக் கிழித்து நாலு தொட்டியில் எந்தத் தொட்டிக்கு உரியதோ அதில் போட்டுவிடு. அந்தப் பையனை மறந்தும் அண்ணன் என்று கூப்பிட்டுத் தொலைக்காதே. பெயரைச் சொல்லியே கூப்பிடு. என்ன முறை என்று யார் கேட்டாலும், தாய்மாமன் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று சொல். புது ஃப்ளெக்ஸில் உன் பக்கத்தில் ஒரு முகம் அளவுக்கு இடம் காலியாக விடச் சொல்லிச் சின்னத்துரைக்குப் போன் போட்டிருக்கிறேன். கம்பு அந்தப் பக்கம் வராது, நானே நின்று கட்டுவேன்.